துணை மட்டும்

“தையல் நேத்துப் பாடினது நல்லா இருந்துச்சா, இல்லையா? ஒரு வார்த்தை சொல்லுங்கம்மா.”

செருப்பைக் கழற்றும் முன்பே அபயம் கேட்டுவிட்டாள்.

நீலாயதாட்சி அம்மாள் முருங்கைக்கீரை உருவிக்கொண்டிருந்தாள். இசை நாடகக் குழுவின் ஆசிரியை. மாணவிகளுக்கு அம்மா. பதில் சொல்ல விருப்பமில்லாத கேள்விகள் வருகிற நாளில் அவளுக்கு எப்படியோ ஒரு கீரைக்கட்டு கிடைத்துவிடும்.

“ஊரு என்ன சொல்லுது?”

“ஊரு ரெண்டுபட்டுக் கெடக்கு.”

“நீ எந்தப் பக்கம்?”

அபயத்தின் கண் சுவருக்குப் போனது.

சுவரில் ஒரு துடுப்பு சாய்ந்திருந்தது. மரத்துடுப்பு, நீலச் சாயம் பூசியது. பிடிக்கிற இடத்தில் மட்டும் சாயம் தேய்ந்து மரம் தெரிந்தது. நாடகம் நடக்கிற அன்று காலையில் அம்மா அதை யார் கையில் கொடுக்கிறாளோ, அவள்தான் அன்று நாயகி. வாயால் சொல்கிற வழக்கம் அந்தக் குழுவில் இல்லை.

அம்மன் கோவில் திருவிழாவில் நாடகம் மூன்று மாலை. இரண்டு மாலை முடிந்துவிட்டது. இரண்டிலும் துடுப்பு குழுவின் இளையவள் தையலுக்குப் போனது.

இன்று கடைசி மாலை. ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஊர்களெல்லாம் வண்டி கட்டிக்கொண்டு வரும். இன்று பாடுகிறவளின் பெயரைத்தான் அடுத்த திருவிழா வரை ஊர் சொல்லிக்கொண்டிருக்கும்.

அபயம் குழுவுக்குத் தையலுக்கு முன்னால் வந்தவள். தையலுக்கு மேடைக் கொசுவம் வைத்துக் கட்டச் சொல்லிக்கொடுத்ததே அவள்தான். சொல்லிக்கொடுத்தபோது, இந்த இடுப்பில் இது இவ்வளவு எடுப்பாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியாது.

நாடகத்தின் கதை பெரிய கதை இல்லை. கடலுக்குப் போன கணவனுக்காக ஒருத்தி காத்திருக்கிறாள். கடைசிக் காட்சியில் ஆளில்லாத தோணியும் அவனுடைய துடுப்பும் கரையில் ஒதுங்குகின்றன. அவள் துடுப்பை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு பாடுகிறாள்.

துடுப்பு கரை வந்தது,
தோணி கரை வந்தது,
துணை மட்டும் ஏன் வரவில்லை, கடலே?

மூன்றாவது அடி வரும்போது ஆர்மோனியம் ஓய்ந்துவிடும். தாளமும் இருக்காது. வெறும் குரல்.

நேற்று தையல் “துணை மட்டும்” வரை பாடினாள்.

நின்றாள்.

வெற்றிலையில் சுண்ணாம்பு தடவி மடித்து வாயில் போட்டுக்கொள்கிற நேரம் இருக்கும். திடலில் ஒரு கைக்குழந்தை கூட அழவில்லை. சுண்டல் விற்கிறவன் தட்டிக்கொண்டிருந்த தகரத்தை நிறுத்திவிட்டான்.

பிறகு “ஏன் வரவில்லை” என்று எடுத்து, பாடி முடித்தாள்.

நடந்தது அவ்வளவுதான். அதற்குத்தான் ஊர் இரண்டுபட்டது.

“போயி ரெண்டு பக்கத்தையும் கேட்டுட்டு வா,” என்றாள் அம்மா. “நீயா எதையும் சேக்காதே. வந்து சொல்லு. துடுப்பு யாருக்குன்னு அப்புறம் பாப்போம்.”

அபயம் செருப்பைக் கழற்றாமலே திரும்பினாள். நடையில் ஒரு துள்ளல் இருந்தது. குறை பொறுக்கிக்கொண்டு வா என்று அனுப்பியது போலத்தான் அவளுக்குக் கேட்டிருந்தது.

*

முடி திருத்தும் கடையில் நெல் வியாபாரி உத்திராபதி நாற்காலியில் சாய்ந்திருந்தார். சிங்காரம் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தான். அபயம் எதிர்க் கடையில் ஊசிநூல் பார்ப்பதுபோல் நின்றாள்.

“மறந்துட்டா. பச்சையா மறந்துட்டா,” என்றார் உத்திராபதி. “முழிச்ச முழி எனக்குத் தெரியாதா? நான் முன்வரிசை.”

“முன்வரிசையில உக்காந்தா காது மொளைச்சிடுமா?”

“எலே, நான் ஆர்மோனியப் பொட்டியோட வளந்தவன்டா.”

“கரையான் கூடத்தான் பொட்டியோட வளருது.”

உத்திராபதி எழுந்துவிட்டார். ஒரு கன்னம் வழித்திருந்தது. இன்னொரு கன்னத்தில் நுரை.

“மீதியை நான் வேற கடையில பாத்துக்கறேன்.”

“பேஷா.”

அந்த ஊரில் வேறு சவரக்கடை கிடையாது.

உத்திராபதி சொன்ன சொல் அபயத்துக்குள் தேனாக இறங்கியது. பச்சையா மறந்துட்டா. இன்னொரு தடவை சொல்ல மாட்டாரா என்று இருந்தது. அவர் நுரையைத் துண்டால் துடைத்துக்கொண்டு போய்விட்டார்.

சிங்காரம் கத்தியைக் கழுவினான். யாரையும் பார்த்துச் சொல்லவில்லை, தண்ணீரைப் பார்த்துச் சொன்னான்.

“அந்த நேரத்துல என் கை இப்படியே நின்னுடுச்சு. சுண்டலை வாய்க்குக் கொண்டுபோன கை.”

அபயம் வேகமாக நடந்தாள்.

*

குளத்துப் படியில் பெண்கள் துணி அலசிக்கொண்டிருந்தார்கள். ராசாம்பாள் நடுப்படியில் நின்றாள். அவள் கையில் பாதி பிழிந்த வேட்டி. அவளுடைய நாத்தனார் கீழ்ப்படியில்.

“மூச்சு பத்தலை. வேற ஒண்ணுமில்லை,” என்றாள் நாத்தனார். “மத்தியானம் சரியாச் சாப்ட்டிருக்க மாட்டா.”

“உனக்கு எல்லாமே சோத்துலதான் முடியும்.”

“பின்னே? பாட்டுன்னா பாடணும். நின்னா அதுக்குப் பேரு பாட்டா?”

ராசாம்பாள் வேட்டியைப் பிழிவதை நிறுத்தினாள்.

“என் வீட்டுக்காரரு சிங்கப்பூரு போன மறுநாள் காத்தால, பழக்க தோஷத்துல ரெண்டு டம்ளர் காப்பி கலந்துட்டேன். ஒண்ணைக் குடிச்சுட்டேன். இன்னொண்ணைக் கையில வச்சுக்கிட்டு நின்னேன். எங்க வைக்கிறது, யாருக்குக் குடுக்கிறது? அப்படி நின்னாடி அவ. எனக்கு யாரு சொன்னா, அவளுக்கு எப்படித் தெரிஞ்சுதுன்னு இருந்துச்சு.”

நாத்தனார் அலசிய துணியையே மறுபடி அலசினாள். வேட்டியிலிருந்து தண்ணீர் படியில் சொட்டிக்கொண்டிருந்தது.

அபயத்துக்கு நெஞ்சு எரிந்தது. ஒருத்தி சும்மா நின்றதற்கு இவ்வளவா?

“நான் அவகிட்டயே கேட்டேன்,” என்றாள் மேல்படியிலிருந்த ஒருத்தி. “‘மறந்துட்டேங்க்கா’ன்னு சிரிக்கிறா. என்ன அடக்கம் பாரு!”

“நெஜமாவே மறந்திருப்பாளோ என்னமோ,” என்றாள் அபயம்.

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள்.

“அப்படிச் சொல்லாதம்மா,” என்றாள் ராசாம்பாள். “நீயும் அங்கதானே இருக்கே? பின்னாடி ஏதோ பண்ணிக்கிட்டு.”

ஏதோ பண்ணிக்கிட்டு.

அந்தச் சொல்லோடு அபயம் படியேறினாள். அது அவளோடு தெரு முழுக்க வந்தது.

அவள் என்ன பண்ணுகிறாள் என்பது ஊருக்குத் தெரியாது. தெரியக்கூடாது என்பதுதான் குழுவின் ஏற்பாடு.

மேடையின் பக்கத்திரைக்குப் பின்னால் ஒருத்தி நிற்பாள். பின்பாட்டுக்காரி. நாயகிக்கு மூச்சு முட்டினாலோ, சொல் தவறினாலோ, அடுத்த சொல்லை அவள் எடுத்துவிட வேண்டும். தன் குரலில் அல்ல, நாயகியின் குரலில். மேடையில் நிற்பவள் அந்தக் கணமே முந்தானையால் முகத்தை மூடிக்கொள்வாள். அழுகிறாள் என்று ஊர் நினைத்துக்கொள்ளும்.

குழுவில் சேருகிற அன்று அம்மா சொல்லித்தருகிற முதல் பாடமே பாட்டு இல்லை. “முன்னால நிக்கிறவ விழுந்தா பின்னால நிக்கிறவ ஏந்தணும்.” இதுதான்.

நேற்றும் அதற்கு முந்திய நாளும் திரைக்குப் பின்னால் நின்றவள் அபயம்.

*

“மொதல்ல குறை சொன்னவங்களைச் சொல்லு,” என்றாள் அம்மா.

“மறந்துட்டான்னாங்க. மூச்சு பத்தலேன்னாங்க.”

“அப்புறம்?”

அபயம் யோசித்தாள். ஒரு மூட்டை கட்டிக்கொண்டு வந்ததாகத்தான் அவள் நினைத்திருந்தாள். அவிழ்த்தால் அவ்வளவுதான் இருந்தது.

“நெறையப் பேரு சொன்னாங்க.”

“சரி. மத்தவங்க?”

அபயம் சொன்னாள். வாய்க்குப் போன சுண்டல் கை நின்றதைச் சொன்னாள். சிங்கப்பூர் போன வீட்டுக்காரரைச் சொன்னாள். இரண்டாவது டம்ளரைச் சொன்னாள். ராசாம்பாள் எந்தப் படியில் நின்றாள், அவள் கையில் வேட்டி எப்படிச் சொட்டியது, நாத்தனார் எப்படி வாயடைத்துப்போனாள், எல்லாவற்றையும் ஒரு சொல் விடாமல் சொன்னாள்.

அம்மா கீரையை உருவியபடி கேட்டுக்கொண்டிருந்தாள்.

“அவளே மறந்துட்டேன்னு சொல்றாம்மா. அதையும் அடக்கம்ங்கறாங்க. அவ தும்மினாலும் அதுல சுருதி இருக்குங்கறாங்க. என் பேரு ஒருத்தர் வாயில வரலை. நின்னதுக்கா பாராட்டு? அவ எங்க நிப்பாட்டினா? அவளுக்கு அடுத்த சொல்லு வரலை, முழிச்சா, திரைப் பக்கம் பார்த்தா. அந்த மௌனம் அவளோடது இல்லைம்மா. என்னோடது!”

கீரை உருவிய கை நின்றது.

சொன்னது அபயத்தின் காதிலேயே விழுந்தது.

நேற்று அடுத்த சொல் அவள் நாக்கு நுனியில் இருந்தது. தையல் திரும்பிப் பார்த்தாள். அபயம் வாயைத் திறந்தாள். விழட்டும் என்று ஒன்று உள்ளே சொன்னது. வாயை மூடிக்கொண்டாள்.

தையல் விழவில்லை. அதுதான் பொறுக்கவில்லை.

“தெரியும்,” என்றாள் அம்மா. “தாளத்தை வச்சுக்கிட்டு நான் எங்க உக்காந்திருந்தேன்? எதிர்லதானே. உன் வாயி தெறந்துச்சு. அப்புறம் மூடிக்கிச்சு.”

அபயம் தலையைக் குனிந்துகொண்டாள். பெட்டியைக் கட்டு என்று சொல்லப்போகிறாள். ஊருக்குப் பகல் வண்டி எத்தனை மணிக்கு?

அம்மா எழுந்து மடியை உதறினாள். சுவரருகே போனாள். துடுப்பை எடுத்து வந்து நீட்டினாள்.

“இன்னிக்குத் தையல் பின்னால நிக்கட்டும்.”

ஏன் என்று கேட்டால் மனம் மாறிவிடுவாளோ என்று அபயம் அவசரமாக வாங்கிக்கொண்டாள். வாசல் வரை போனாள். அங்கே கால் நின்றது.

“நான் எடுத்துக் குடுக்கலேன்னு அவகிட்டச் சொல்லிட்டீங்களாம்மா?”

“நேத்தே என்கிட்ட வந்தா. உனக்குத் தொண்டை கட்டிக்கிச்சுன்னு நெனைச்சுக்கிட்டிருக்கா. சுக்குக் கஷாயம் போட்டு உன் எடத்துல மூடி வச்சிருக்கா, பாரு.”

சொம்பு இன்னும் சூடாக இருந்தது. பனங்கற்கண்டு கூடப் போட்டிருந்தாள்.

அபயம் அதைக் கொண்டுபோய் வாழையடியில் கொட்டினாள்.

*

விளக்கு வைத்ததும் திடல் நிறைந்துவிட்டது.

மறந்துவிட்டாள் என்றவர்கள் ஒரு பக்கம், மௌனம் என்றவர்கள் ஒரு பக்கம். நடுவில் ஒரு மாட்டுவண்டி போகலாம், அவ்வளவு இடைவெளி. உத்திராபதி முன்வரிசையில் இருந்தார், ஒரு கன்னம் மட்டும் வழித்த முகத்தோடு. ராசாம்பாள் அவருக்கு எதிர்ப்பக்கம். அவளுடைய நாத்தனார் பாயை மடித்து விரித்து இடத்தை மாற்றிக்கொண்டு, கடைசியில் இடைவெளியிலேயே உட்கார்ந்துவிட்டாள்.

அபயம் மத்தியானம் முழுக்கக் கண்ணாடிக்கு முன்னால் நின்று பார்த்திருந்தாள். “துணை மட்டும்” என்று பாடிவிட்டு எப்படி நிற்பது, கண்ணை எங்கே வைப்பது. தையலைவிடக் கொஞ்சம் கூடுதல் நேரம் நிற்க வேண்டும். மறந்ததால் வந்த மௌனத்துக்கே இந்த ஊர் இந்தப் பாடு படுகிறதே. தெரிந்து செய்தால்?

கடைசிக் காட்சி வந்தது. துடுப்பு கரையில் ஒதுங்கியது. அபயம் அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டாள்.

துடுப்பு கரை வந்தது.

தோணி கரை வந்தது.

ஆர்மோனியம் ஓய்ந்தது. அம்மாவின் கையில் தாளம் சும்மா இருந்தது. இந்த இடத்துக்காகத்தான் வந்தோம் என்பதுபோல் இரண்டு பக்கமும் கழுத்தை நீட்டின.

துணை மட்டும்…

அபயம் நின்றாள்.

மௌனம் வந்தது. இது என்னுடையது. என் பெயரில் வந்தது. இனி இதைப்பற்றித்தான் குளத்துப் படியில்...

“ஏன் வரவில்லை.”

திரைக்குப் பின்னாலிருந்து வந்தது குரல்.

பாவி. கெடுத்துவிட்டாள். வேண்டுமென்றே கெடுத்துவிட்டாள்.

ஆனால் அபயத்தின் கைகள் அவளைக் கேட்காமலே முந்தானையை எடுத்து முகத்தை மூடிவிட்டன. அத்தனை வருடப் பழக்கம்.

துணிக்குள் இருட்டாக இருந்தது. ஒன்றும் தெரியவில்லை. குரல் மட்டும் கேட்டது.

அது தையலின் குரல் இல்லை. அபயத்தின் குரல். அடித்தொண்டையில் அந்தக் கரகரப்பு. மூக்கில் லேசாக உரசிப் போகிற அந்த ஒலி. மேலே ஏறும்போது தயங்கி, பிறகு ஏறுகிற அந்த ஏற்றம். தையலிடம் அவளுடைய தேன்குரல் ஒரு சொட்டுகூட மீதி இல்லை. எல்லாவற்றையும் எங்கேயோ கழற்றி வைத்துவிட்டு வந்திருந்தாள்.

தன் குரலை வெளியே நின்று கேட்டவர் யார்? அபயம் கேட்டாள். இதற்கு முன்னால் கேட்டதில்லை.

இப்படியா இருக்கும்?

இவ்வளவு நன்றாகவா இருக்கும்?

இதை இவள் எப்போது கேட்டாள்? எத்தனை நாள், எந்த மூலையில் உட்கார்ந்து கேட்டாள்?

“கடலே” என்று முடிக்க வேண்டிய இடம் வந்தபோது முந்தானை நனைந்திருந்தது. அபயம் அந்தச் சொல்லில் வந்து சேர்ந்துகொண்டாள். எந்த இடத்தில் ஒரு குரல் விட்டு இன்னொன்று தொடங்கியது என்று ஆர்மோனியக்காரருக்கே தெரியவில்லை.

திரைக்குப் பின்னால் போனதும் தையல் கையைப் பிடித்துக்கொண்டாள். அவள் கை சில்லென்று இருந்தது.

“பயந்தே போயிட்டேங்க்கா. இன்னிக்கும் கட்டிக்கிச்சா? கஷாயம் குடிச்சியா, இல்லையா?”

அபயம் துடுப்பைக் கீழே வைத்தாள்.

“இன்னும் கொஞ்சம் இருக்கா?” என்று கேட்டாள்.

*

மறுநாள் காலையில் ஊர் மறுபடி இரண்டுபட்டிருந்தது.

“நிக்க வேண்டிய எடத்துல நிக்கலையே,” என்றான் சிங்காரம். “சுண்டல்ல கை வச்சு எடுக்கறதுக்குள்ள அடுத்த சொல்லு வந்துடுச்சு. அந்த மௌனம் எங்க போச்சு?”

“போவட்டும்டா,” என்றார் உத்திராபதி. இன்னொரு கன்னத்தையும் வழிக்க வேறு வழியில்லாமல் வந்திருந்தார். “அந்த ஒத்தைச் சொல்லை எடுத்தா பாரு. ஏன் வரவில்லைன்னு. அதுக்கு மேல உனக்கு என்னடா வேணும்?”

“காது வேணும்.”

“கத்தி உன் கையில இருக்குன்னு பேசறே.”

குளத்துப் படியில் ராசாம்பாள் அபயத்தின் இரண்டு கையையும் சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

“மொகத்தை மூடிக்கிட்டு அந்த ‘ஏன்’ பாடினே பாரும்மா. இத்தனை நாளா இந்தக் குரலை எங்க வச்சிருந்தே? மத்த பாட்டெல்லாம் போகட்டும். அந்த ஒரு சொல்லு போதும்.”

நேற்று வரை இதற்காகத்தான் ஏங்கினாள். இப்போது அது கையில் வந்திருந்தது. எங்கே வைப்பது, யாருக்குக் கொடுப்பது என்று தெரியாமல் அபயம் நின்றாள்.

“அது நான் இல்லீங்க,” என்றாள். “தையல் பாடினது.”

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள்.

“என்ன அடக்கம் பாரு!” என்றாள் மேல்படியிலிருந்தவள்.

*

அம்மா அகத்திக்கீரை உருவிக்கொண்டிருந்தாள்.

அபயம் செருப்பைக் கழற்றினாள். துடுப்பைச் சுவரில் சாய்த்தாள். உள்ளே தையல் யாருடைய பாட்டையோ முணுமுணுத்துக்கொண்டு பாத்திரம் கழுவிக்கொண்டிருந்தாள்.

அம்மா நிமிரவில்லை.

“நேத்துத் தையல் பாடினது நல்லா இருந்துச்சா, இல்லையா?”

அபயம் எதிரில் உட்கார்ந்தாள். கீரைக்கட்டில் பாதியைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“அதுக்கு ஊரைக் கேக்க வேண்டாம்மா,” என்றாள்.